வாசல் எங்கள் அணியுடையது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கிறிஸ்து பிறப்பு விசுவாசிக்கு முதலில் சொல்வது மகிழ்ச்சியையா, தாழ்மையையா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் நானே கை தட்டிவிட்டேன். என் அணித் தலைவர் முறைத்தார். மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினால் கை தானாகத் தட்டுகிறது. தாழ்மைக்காகப் பேச வந்தவன் பாடுதான் திண்டாட்டம். 'நான் தாழ்மையானவன்' என்று மைக்கில் சொன்ன நொடியே அது ஓடிப்போய்விடும்!

"தேவதூதன் மேய்ப்பர்களிடம் சொன்ன முதல் வார்த்தையே சந்தோஷம்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, லூக்கா 2-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை புரட்டுங்கள். முதல் வார்த்தை 'பயப்படாதிருங்கள்'. சந்தோஷம் அதற்கு அப்புறம்தான். சரி, அந்த நற்செய்தி மெய் என்று மேய்ப்பர்கள் எதைக் கண்டு தெரிந்துகொள்வது? தூதனே அடையாளம் சொல்கிறான்: துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தியிருக்கிற பிள்ளை. முன்னணை என்றால் மாடு வாய் வைக்கிற தீவனத் தொட்டி. வானமெல்லாம் தூதர் சேனை பாடுகிறது; அது அடையாளம் இல்லையாம். தொட்டிதான் அடையாளமாம்!

அந்தத் தொட்டியில் கிடப்பவர் யார்? அவரைத்தான் 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்கிறார் யோவான். அந்த வார்த்தைக்கு இப்போது பேச்சு வராது. பசித்தால் அழத்தான் தெரியும். கழுத்து நிற்காத பிள்ளையின் தலையை மரியாள் தன் உள்ளங்கையில் தாங்குகிறாள். உலகத்தைத் தாங்குகிறவர் என்று நாம் ஜெபிக்கிறோமே, அவரைத்தான். 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதியது வேறெதை?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், பிள்ளையைத் தேடி வந்த ஞானிகளின் பொன்னை எடுத்துக்கொண்டார். "மூன்று ஞானிகளும் பொன் கொண்டுவந்தார்களே, அது கொண்டாட்டம் இல்லையா?" மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் எண்ணவில்லை, அதை விடுங்கள். அவர்கள் முதலில் சாஷ்டாங்கமாய் விழுந்தார்கள், அப்புறம்தான் பொக்கிஷத்தைத் திறந்தார்கள். வரிசையைப் பாருங்கள், நடுவரே.

எதிரணி தொடாத ஒரு காட்சியும் உண்டு. பிரசவித்த தாய்க்குரிய சுத்திகரிப்பின் நாட்கள் முடிந்து பிள்ளையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தாய் செலுத்த வேண்டியது ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லை என்றால் இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தில் ஏழைக்குக் கொடுத்த சலுகை இது. லூக்கா அந்தக் குடும்பத்தின் வறுமையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. புறாக்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

கடைசியாக, பெத்லகேமில் இருக்கிற பிறப்பின் ஆலயத்துக்கு வாருங்கள். 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் வைத்த வாசல் பெரிது. சிலுவைப்போர்க்காரர்கள் அதைக் கூர்வளைவாகச் சுருக்கினார்கள். பின்னால் அதையும் அடைத்து, சுமார் 4 அடி உயரத்துக்கு ஒரு திறப்பை மட்டும் விட்டார்கள். பழைய வாசல்களின் தடம் இன்றும் சுவரில் தெரிகிறது. பக்தியால் செய்ததல்ல, குதிரையோடு உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காக என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'தாழ்மையின் வாசல்'. பேராயரானாலும் சரி, நாட்டுத் தலைவரானாலும் சரி, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே குகைக்கு இறங்கினால், பிறந்த இடம் என்று குறித்திருக்கிற 14 முனை வெள்ளி நட்சத்திரம் தரையில் பதிந்திருக்கிறது. அதைத் தொட முழங்கால் போட வேண்டும்.

எதிரணி சொன்ன மகிழ்ச்சி அங்கே உள்ளே இருக்கிறது, நான் மறுக்கவில்லை. வாசல் மட்டும் எங்கள் அணியுடையது. மணி அடித்துவிட்டார்கள், உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி.