மழைக்காலத்தில் இறுகும் மரவை மூடி

வணக்கம் மக்களே. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், நடுவே முற்றம் வைத்த ஒரு பழைய வளவு வீட்டுக்குள் நிற்கிறேன். இன்றைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டப் போவதில்லை, இந்த ஒரு மரவையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. சீர்வரிசையில் வந்த, மூடி போட்ட மரக்கடைசல் பாத்திரம், மேலே சிவப்பும் கறுப்புமாக அரக்குப் பூச்சு.

கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், விளிம்பைப் பாருங்கள். மூடியை இப்படி வைத்தால் உட்காருகிறது. கொஞ்சம் திருப்பி வைத்தால் மாட்டிக்கொள்கிறது. கடைசலில் வட்டமாகத்தான் வந்திருக்கும், இப்போது லேசாக முட்டை வடிவம். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. நீளவாக்கில் அசைவே இல்லை என்று சொல்லலாம். குறுக்கே பார்த்தால், மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டம் கோணுவது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் மூடி இறுகிக்கொள்ளும், சித்திரையில் லூசாக ஆடும் என்று இந்த வீட்டு ஆச்சி சொன்னார்கள்.

பூச்சோ பழசு, இளக்கம் போய்விட்டது. மரம் அசையும்போது அதனால் கூடவே அசைய முடியாது. முதலில் மயிரிழை வெடிப்பு, அப்புறம் செதில் செதிலாகத் தூக்கும். இதோ இந்த வெடிப்பு, மர ரேகையை ஒட்டியே ஓடுகிறது பாருங்கள்.

ஏசி அறையில் வைத்தால் பத்திரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விருந்தாளி வரும்போது மட்டும் ஓடும் ஏசிதான் பெரிய ஆபத்து, அறை குளிர்ந்து குளிர்ந்து சூடாகும். ஈரப்பதச் சதவீதம் என்பது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, சூடான காற்று கூடுதல் ஈரம் தாங்கும். 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 35 டிகிரிக்குச் சூடானால், அதே காற்று சுமார் 45 சதவீதம்தான் காட்டும். காற்றிலிருந்து ஒரு சொட்டு ஈரம்கூடப் போகவில்லை, ஆனால் மரத்துக்கு அது வறட்சி. திருப்பியும் நடக்கும்: 22 டிகிரியில் குளிர்ந்திருந்த மரவையை 30 டிகிரி, 80 சதவீத மழைக்காலக் காற்றுக்குக் கொண்டு வந்தால் மேலே நீர் பூத்துவிடும். எவ்வளவு ஈரம் என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் மரத்தை வாட்டும்.

என்னைக் கேட்டால், வெயில் நேராக விழாத, முற்றத்துச் சாரல் படாத உள்ளறைதான் சரியான இடம். பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள். துணியும் பெட்டியும் ஈரத்தை வாங்கிக்கொண்டு மெதுவாக விடும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள்.

பர்மாவிலிருந்து வந்த அரக்குச் சாமான்களில் பல வேறு ஜாதி. அவற்றில் இருப்பது திட்சி என்ற மரப்பால். அது இறுகுவதற்கே ஈரக்காற்று வேண்டும், இறுகியபின் சூட்டில் உருகாது. ஆனால் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் பளபளப்பு செத்துவிடும். பூச்சியிலிருந்து கிடைக்கும் நம்மூர் அரக்கோ சூட்டில் இளகும், சானிடைசர் பட்டால் கரையும். எது எது என்று தெரியாதபோது இரண்டுக்கும் பொதுவாக உலர்ந்த மெல்லிய தூரிகை போதும், எண்ணெய் தடவ வேண்டாம்.

செதில் விழுந்தால் பசை வைத்து ஒட்டிவிடாதீர்கள். காகித உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று எழுதி, மரவைக்குள்ளேயே வையுங்கள். பின்னால் பழுது பார்ப்பவருக்கு அந்தத் துண்டு வேண்டும்.