மாவட்டக் கோட்டா இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா நீடிக்க வேண்டுமா, நீக்க வேண்டுமா என்பது தலைப்பு. நீடிக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் யாழ்ப்பாணத்து ஐயா 'தரப்படுத்தல்' என்று சொன்னதும் விழுந்த கைதட்டலை நானும் கேட்டேன். தமிழ் மேடையில் இந்தப் பக்கம் நின்று பேசுவது லேசான வேலை இல்லை.

ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 1971இல் தரப்படுத்தல் என்ற பெயரில், மருத்துவபீடத்துக்குப் போகத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும் என்றார்கள். அது அநியாயம். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அங்கே பார்த்தது பிள்ளையின் மொழியை. கொழும்பில் பெரிய கல்லூரியில் படித்த சிங்களப் பிள்ளைக்கும் சலுகை, முல்லைத்தீவில் கொட்டிலில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கும் தண்டனை. மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பிரிக்கும் மாவட்ட முறை 1974இல் வந்தது. அதில் யாழ்ப்பாணம் அடிவாங்கியது உண்மை. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதே முறை வழிவிட்டது என்பதும் உண்மை. ஐயா முதல் உண்மையோடு உட்கார்ந்துவிட்டார்.

இன்றைய கணக்கு என்ன? மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் நூறு இடம் இருந்தால் 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. 5 இடம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. முதல் நாற்பதைக் கொழும்பும் கண்டியும் மாத்தறையும் யாழ்ப்பாணமும் போட்டி போட்டு எடுக்கட்டும். யாரும் மறிக்கவில்லையே!

நான் மலையகத்துக்காரி. என் நுவரெலியா மாவட்டத்தைச் சொல்கிறேன். மாவட்ட சனத்தொகையில் பெரும்பங்கு மலையகத் தமிழர்கள். 1948இல் குடியுரிமை பறிபோன சனம். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களை எழுபதுகளில்தான் அரசாங்கம் ஏற்றது. இன்றைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றில் உயர்தர, அதாவது கடைசி இரண்டு வருடத்து, விஞ்ஞானப் பிரிவு இல்லை. அது 1 ஏபி என்ற வகைப் பாடசாலையில்தான் இருக்கும். அந்தப் பாடசாலை டவுனில் இருக்கும். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பிள்ளைக்கு இரசாயனவியல் படிக்க ஆசை வந்தால், விடிவதற்கு முன் மலை இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பஸ் வராத நாளில் முதல் இரண்டு பாடம் போய்விடும். போய்ச் சேர்ந்தாலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வெற்றிடம். அப்புறம் டியூஷன். டியூஷன் காசு தாயின் கொழுந்துக் கூடையிலிருந்து வரவேண்டும். மழையில் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அரைப் பேர் போட்ட மாதத்தில் எந்தப் பாடத்து டியூஷனை நிறுத்துவது என்று அந்த வீட்டில் பேசுவார்கள். கொழும்பில், எந்த டியூஷன் ஆசிரியரிடம் போவது என்று பேசுவார்கள்.

இசட் புள்ளி வந்துவிட்டது, இனிக் கோட்டா எதற்கு என்று கேட்டார்கள். நடுவர் அவர்களே, இசட் புள்ளி ஒரு பாடத்துப் பேப்பர் கஷ்டமா இலேசா என்பதைச் சரிக்கட்டும். சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று சொல்லும். ஆசிரியர் வெற்றிடத்தைக் கழிக்க அதில் சூத்திரம் கிடையாது.

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஊசி போடும் டொக்டரின் மாவட்டத்தை நோயாளி பார்ப்பானா என்றார். பார்க்க மாட்டான். மருத்துவபீடமும் பார்ப்பதில்லை, தங்கச்சி. மாவட்டம் வாசலோடு சரி. உள்ளே எல்லோருக்கும் ஒரே பேப்பர். நுவரெலியாக்காரருக்கென்று தனி உடற்கூற்றியல் பரீட்சை நடத்துவதில்லை. பாஸ் பண்ணினால்தான் டொக்டர்.

அடுத்தது வெளி மாவட்டப் பிள்ளைகள் விஷயம். வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, குறைவு என்று வசதியான ஊர்களிலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் பரீட்சை எழுதி இடத்தைப் பிடிக்கிறார்கள், எனவே கோட்டாவே மோசடி என்றார்கள். வருகிறார்கள், நான் மறைக்கவில்லை. இதில் எனக்குத்தான் கோபம் அதிகம். தோட்டத்துச் சனத்தின் தலையை எண்ணி மாவட்டத்துக்கு இடம் வாங்குகிறோம், அந்த இடத்தில் வந்து உட்காருவது வேறு யாரோ.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெற்றோர் ஏன் மலை ஏறுகிறார்கள்? நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் சுலபமாக முந்திவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊர் மாறினால் படிப்பு மாறும் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவதை, அவர்கள் வாடகைக்கு வீடு எடுத்து நிரூபிக்கிறார்கள். பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தை வைத்து மாவட்டத்தைத் தீர்மானிக்கும் விதி இப்போதே இருக்கிறது. அதை இறுக்குங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தது என்று பாருங்கள். அதை விட்டுக் கோட்டாவையே தூக்கு என்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

மாவட்டம் என்பது பெரிய அளவுகோல், ஹட்டன் டவுனையும் மஸ்கெலியாத் தோட்டத்து மேல் டிவிஷனையும் ஒரே தட்டில் வைக்கிறது என்று யாராவது சொன்னால், அதை ஏற்கிறேன். அது கோட்டாவை இன்னும் நுணுக்கமாக்கச் சொல்லும் வாதம். எதிரணிக்கு அதில் பங்கு இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். முதலில் பள்ளிக்கூடங்களைச் சரிசெய்யுங்கள், கோட்டா எதற்கு என்று எதிரணித் தலைவர் முடித்தார். சரி, செய்யட்டும். விஞ்ஞான ஆசிரியர் வரட்டும், ஆய்வுகூடம் வரட்டும். முதலாம் வகுப்பில் சேரும் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் படித்து உயர்தரம் எழுதட்டும். அதன் பிறகு இதே தலைப்பில் இன்னொரு பட்டிமன்றம் வையுங்கள். நானே எதிரணியில் பேச வருகிறேன்.

நன்றி, வணக்கம்.