காயாத வெள்ளைக் கவுன்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த மாணவர் பட்டிமன்றமொன்றில் நடுவராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்வரிசையிலேயே நாலு பேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீருடை கட்டாயமாக இருக்க வேண்டுமா? இரண்டு அணியும் வெளுத்து வாங்கினீர்கள். எதிரணியில் கடைசியாகப் பேசிய பிள்ளை, "ஜீன்ஸ் போட்டால் இரசாயனவியல் மண்டையில் ஏறாதா?" என்று கேட்டபோது மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். சீருடைதான் நம்மைச் சமமாக்கியது என்று மற்ற அணித் தம்பி உருகினார். அதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயரைப் பரீட்சைக்காக எல்லாரும் பாடமாக்கியிருப்பீர்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அப்போதும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொண்டது எழுபதுகளில்தான். நான் டவுன் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்தது 1973இல். தோட்டங்களில் பஞ்சம் தலைதூக்கிய காலம். வெள்ளைத் துணி வாங்க வழியில்லை. அம்மா கோதுமை மா மூட்டையைப் பிரித்து, சோடா போட்டு அவித்து, வெயிலில் போட்டுப் போட்டு வெளுத்து எனக்கு ஒரு கவுன் தைத்தார். மூட்டையில் அச்சடித்திருந்த நீல எழுத்து எத்தனை அவித்தும் முழுதாகப் போகவில்லை. முதுகுப் பக்கம், வலது தோளுக்குக் கீழே, இரண்டு எழுத்து மங்கலாகத் தெரியும். நான் கூந்தலை அந்தப் பக்கமாகப் போட்டு மறைத்துக்கொள்வேன்.

அந்தக் கவுனோடு நான் மலையிறங்கும்போது லயத்து, அதாவது எங்கள் வரிசை வீடுகளின், இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எல்லாரும் பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? அந்த வெள்ளைக்கு எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான்: இந்தப் பிள்ளை பெரட்டுக்கு, காலையில் ஆளெடுத்துத் தோட்ட வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகாது. கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் இதற்கு இல்லை. டவுனில் கடைக்காரர் மகளும் நானும் ஒரே நிறத்தில் நின்றோம். அவள் கவுன் கடைத்துணி, என்னுடையது மூட்டைத்துணி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. அந்தப் பத்தடி எனக்குப் போதுமாக இருந்தது. அதனால் சீருடையைத் தூக்கிவிடு என்று யார் சொன்னாலும் என் கை தானாக உயர்ந்து மறுக்கும். வண்ண உடுப்புக்கு விட்டால் ஒரு கிழமைக்குள் யார் வீட்டில் வெளிநாட்டுக் காசு வருகிறது, யார் வீட்டில் வரவில்லை என்று வகுப்பே கணக்கெடுத்துவிடும். எதிரணிப் பிள்ளைகளே, உங்களுக்கு நான் கொடுக்கும் பதில் இவ்வளவுதான்.

இனி அடுத்த பாதி.

வெள்ளை யாருக்காகத் தீர்மானித்த நிறம்? கொழும்பு வெயிலுக்கு வெள்ளை பொருந்தும். நுவரெலியா டவுன் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் ஜூன், ஜூலையில் வெயிலைக் கண்ணால் காண்பதே அபூர்வம். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையெல்லாம் செம்மண். மழைநாளில் தேயிலை மலைக்குள் குறுக்கு வழியாக வந்தால் கவுனின் அடிமடிப்பு முழங்கால்வரை நனைந்துவிடும். அப்படி நனைந்த துணியைத் துவைத்து எங்கே காயப்போடுவது? காம்பராவுக்குள், அந்த ஒற்றை லயத்து அறைக்குள், அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில். காலையில் உடுப்பு காய்ந்திருக்கும். கூடவே புகை வாசமும் பிடித்திருக்கும், ஓரம் லேசாக மஞ்சளடித்திருக்கும். நீலம் போட்டு அலசினாலும் அந்த மஞ்சள் போகாது. டவுன் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தால் போதும், நம் பிள்ளை அடுத்த நாள் கடைசி வாங்குக்குப் போய்விடும். சமத்துவம் பத்தடி தூரத்தில் இருக்கிறது என்றேனே, பக்கத்தில் போனால் அது புகை நாறும்.

இன்னொன்று. ஆம்பிளைகள் சங்கடப்பட்டால் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு மாதத்தில் அந்த மூன்று நாலு நாள் வெள்ளைக் கவுன் என்பது எவ்வளவு பெரிய பயம் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா? கழிவறையில் தண்ணீர் வராத பாடசாலையில் அந்தப் பயம் இரண்டு மடங்கு. வரவுப் பதிவேட்டை நான் வருஷக்கணக்காகப் பார்த்தவள். ஒரே பிள்ளைக்கு மாதாமாதம் அதே வாரத்தில், வரவில்லை என்று சிவப்பு விழும். காரணம் கேட்டால் "காய்ச்சல் டீச்சர்" என்பார்கள். பாவாடை மட்டுமாவது கரும் நீலத்தில் இருந்தால் அந்தக் காய்ச்சலில் பாதி குணமாகிவிடும்.

விலை விஷயத்தை ஓடிச் சொல்லிவிடுகிறேன். ஜனாதிபதி பிரேமதாச காலத்தில், 1993இல், அரசு இலவசமாகச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், மறுப்பே இல்லை. இடையில் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது, பிறகு மறுபடி துணி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அதுவும் ஆட்டம் கண்டு, 2023க்குத் தேவையான துணியில் 70 சதவீதத்தைச் சீனா நன்கொடையாகக் கொடுத்தது. துணி வந்தால் போதுமா? தையற்கூலி யார் கொடுப்பது? சப்பாத்து, காலுக்கு மேசு, டை, பாடசாலை சொன்ன அதே நிறத்தில் ஸ்வெட்டர்? 2021இல்தான் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. அடுத்த வருஷமே விலைவாசி ஏறிய வேகத்தில் ஒரு ஜோடிச் சப்பாத்துக்கு மூன்று நாள் கொழுந்து எடுத்தும் பத்தவில்லை. ஆசிரியைகளும் லேசுப்பட்ட பாடு படவில்லை. அந்த வருஷம் நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையை விட்டுவிட்டு வசதியான உடையில் பாடசாலைக்குப் போனதற்கே நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

எதிரணி அமெரிக்கக் கதை ஒன்றும் சொன்னது. 1965இல் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டிப் பள்ளிக்குப் போன பிள்ளைகளை நிர்வாகம் வெளியே அனுப்பியதும், 1969இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் உண்மைதான். அந்த வழக்கில் ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. ஆனால் அதே நாட்டில் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரம் 1994இல் சீருடையைக் கட்டாயமாக்கியது. குற்றம் குறைந்தது என்று அவர்கள் மார்தட்டிக்கொண்டிருக்க, 1998இல் இரண்டு ஆய்வாளர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விவரங்களை அலசி, சீருடையால் வரவோ நடத்தையோ மேம்பட்டதாகத் தெரியவில்லை என்றார்கள். ஆக, சீருடை போட்டால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்று இங்கே யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பது வருஷம் படிப்பித்தவள் சொல்கிறேன். பளிச்சென்ற வெள்ளைச் சட்டைக்குள் நான் பார்க்காத குழப்படியா!

நான் சொல்ல வந்ததே இனித்தான். சொல்ல எனக்கு வெட்கமும் இருக்கிறது.

ஒரு பாடசாலையில் ஒழுங்குக்குப் பொறுப்பான ஆசிரியையாக இருந்தேன். பெயர் வேண்டாம். காலை ஏழேகாலுக்குக் கேட்டில் நிற்பேன், பக்கத்தில் மாணவத் தலைவிகள். வண்ண உடுப்பில் வந்தால் திருப்பி அனுப்புவது என் கொள்கை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு ஜூலை மாதக் காலை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடி வந்தது. உடுப்பு சுத்தம், டை ஒழுங்கு, ரிப்பன் ஒழுங்கு. உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது. கொலர் மடங்கியிருந்ததால் சரிசெய்யலாம் என்று கை வைத்தேன். சில்லென்றது. பிழிந்து அப்படியே உடுத்திய ஈரம். "என்னம்மா இது?" என்றேன்.

"ராத்திரி விறகு பத்தல டீச்சர், காயல."

"வேற உடுப்பு இல்லையா?"

"ரோஸ் கலர்ல ஒண்ணு இருக்கு. அதப் போட்டா உள்ள விட மாட்டீங்களே."

காய்ந்த உடுப்பு வீட்டில் இருக்க, என் கேட்டுக்குப் பயந்து ஈர உடுப்போடு இரண்டு மைல் நடந்திருக்கிறது அந்தப் பிள்ளை. என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அதெல்லாம் என்ன பெரிய விஷயம்? அதற்கு முன் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன், அவர்களில் எத்தனை பேர் அந்தக் கிழமை முழுக்க வராமல் போனார்கள் என்று அன்றைக்குத்தான் பதிவேட்டைப் புரட்டினேன்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது உங்களுக்குத் தெரியும். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். உடம்பில் இருந்த உடுப்பைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மாதத்தில் அவர்களிடம் யாரும் டை எங்கே, சப்பாத்து எங்கே என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். மலை சரிந்தால் நமக்கு விதியைத் தளர்த்தத் தெரிகிறது. விறகு பத்தாத ராத்திரிக்கு மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

ஆகவே தீர்ப்பு. சீருடை கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாயம் யார் மேல் என்பதைத்தான் இரண்டு அணியும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். துணி கொடுப்பது அரசுக்குக் கட்டாயம். நம் குளிருக்கும் மண்ணுக்கும் ஏற்ற நிறத்தையும் துணியையும் கேட்டு வாங்குவது பாடசாலைக்கும் பெற்றோருக்கும் கட்டாயம். பிள்ளைக்கு ஒரே கட்டாயம், வர வேண்டும். ரோஸ் கலரில் வந்தாலும் கேட் திறக்க வேண்டும், காரணத்தை உள்ளே வைத்து மெதுவாகக் கேட்கலாம். வென்ற அணி எது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. பரிசுப் புத்தகத்தைப் பாதி பாதியாகக் கிழிக்கவும் முடியாது, இரண்டு அணியும் மாறி மாறி வாசியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், பிறகு பஸ்ஸுக்கு ஓடலாம். அந்த ஜூலைக்குப் பிறகு நாங்கள் நோயாளர் அறையில் ஒரு தகரப் பெட்டி வைத்தோம். உயர்தரம் முடித்துப் போகும் பிள்ளைகள் தங்கள் கவுனைத் துவைத்து அதில் போட்டுவிட்டுப் போவார்கள். நனைந்து வருகிறவள் மாற்றிக்கொள்ளலாம், யாரும் பெயர் எழுதுவதில்லை. அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது, இப்போதைய டீச்சர்மார் பார்த்துக்கொள்கிறார்கள். கவுன் நிறைய இருக்கிறதாம், சப்பாத்துத்தான் இல்லை. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் 3ஆம், 4ஆம் நம்பர் கிடந்தால், அடி தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை கொண்டுவந்து கேட்டில் கொடுங்கள்.