கொடுப்புக்குள் வளரும் நோய்

வணக்கம். வன்னியெங்கும் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களோடு, வாய்ப் புற்றுநோயைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் அதனோடு சேர்ந்து வரும் நிலைமைகளைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். இலங்கையில் ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். உடலின் உள்ளே மறைந்து வளரும் நோய்களைப் போலன்றி, முகக்கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தால் நோயாளி தானே காணக்கூடிய இடத்தில் இது தொடங்குகிறது. அப்படியிருந்தும் எம்மவர் பலர் கழுத்தில் கட்டி திரண்ட பிறகே வைத்தியசாலைக்கு வருகிறார்கள் என்பது எனக்கு ஆறாத வேதனை.

அரிவு வெட்டுக் காலத்திலும், யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாக வயல் காவல் இருக்கும்போதும், கடலில் வலைக்காகக் காத்திருக்கும்போதும், பசியையும் தூக்கத்தையும் தள்ளிப்போட எமது மக்கள் வெற்றிலையை நாடுகிறார்கள். அந்த உழைப்பின் களைப்பை அறியாதவன்போல் நான் பேச மாட்டேன். ஆனால் புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் வெற்றிலை பாக்குத்தான் போடுகிறேன் என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்றும், பாக்கே புற்றுநோய்க் காரணி என்றும் வரையறுத்தது. புகையிலை சேரும்போது ஆபத்து மேலும் கூடுகிறது.

பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் இரசாயனம் கன்னத்தின் மென்சவ்வுக்குக் கீழே நார்ப்பொருளைக் கூடுதலாக உருவாக்கச் செய்கிறது; சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. ஆண்டுகள் செல்ல, மென்மையாக இருந்த கன்னம் வெளிறி, வெயிலில் காய்ந்த தோலைப்போல விறைத்துவிடுகிறது. முதலில் மிளகாய் பட்டால் வாய் எரியும். பின்பு வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மேல், கீழ் முன்பற்களுக்கிடையே உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நுழைக்க முடியாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த நார் இறுக்கம் பாக்கை நிறுத்தினாலும் முற்றாக மாறுவதில்லை. ஆயினும் நிறுத்தியவருக்கு அது மேலும் முற்றும் வாய்ப்புக் குறையும்.

இன்னொரு நிலை, துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம். வெற்றிலைக் கூட்டை அடக்கி வைக்கும் கொடுப்புப் பக்கத்திலேயே இது பெரும்பாலும் தோன்றும். எல்லா வெள்ளைப் படலமும் புற்றாக மாறுவதில்லை. எது மாறும் என்பதை வெறுங்கண்ணால் தீர்மானிக்கவும் முடியாது. ஆகவேதான் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். துண்டு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் நிலவும் அச்சம் ஆதாரமற்றது. அந்த அச்சத்தால் இழக்கப்படும் மாதங்களே உயிரைப் பறிக்கின்றன. சிவந்த படலம் வெள்ளையைவிட ஆபத்தானது. மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், தானாக ஆடத் தொடங்கும் பல், நோவில்லாத கழுத்துக் கட்டி என்பவற்றுக்கும் தாமதம் கூடாது. நோவில்லை என்பதைப் பலர் நல்ல அறிகுறியாகக் கொள்கிறார்கள். தொடக்க நிலைப் புற்று பெரும்பாலும் நோவதே இல்லை.

நோய் உறுதியானால் சத்திரசிகிச்சையும் தேவைப்பட்டால் கதிர்ச் சிகிச்சையும் செய்யப்படும். கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரங்கள் நீளக்கூடியது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ள தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் போகும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பாரம் என்பதை அறிவேன். ஆனாலும் இடையில் நிறுத்துவது சிகிச்சையின் பயனைக் குறைத்துவிடும். கதிர் பட்ட உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றுவதால் பற்கள் விரைவாகச் சூத்தையாகின்றன; பின்னர் அந்தப் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகவும் கூடும். எனவே காப்பாற்ற முடியாத பற்களைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னொரு நாளில் எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும் கதிர்ச் சிகிச்சை பெற்றதை முதலில் சொல்ல வேண்டும்.

விழுங்க முடியாமல் உடல் மெலிவதும் நோயின் ஒரு பகுதியே. மூக்கு வழிக் குழாயால் உணவு கொடுக்க வைத்தியர் சொன்னால், அது கைவிட்டதன் அடையாளமல்ல, சிகிச்சையைத் தாங்க வைக்கும் வழி. புற்றுக்கு இரசாயன மருந்து ஏற்றப்படுபவருக்கு, கிருமித் தொற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைவதால் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஒன்றாக வந்தால் குருதியில் கல்சியம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரமே.

குணமடைந்தவரின் வாயின் மற்றப் பகுதிகளும் தொண்டையும் அதே பாக்கிலும் புகையிலையிலும் நனைந்தவை என்பதால், அங்கே இரண்டாவது புற்று தோன்றலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே சூடடிப்பு நாளாக இருந்தாலும் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். அன்று வைத்தியர் கேட்காவிட்டாலும், இன்னும் பாக்குப் போடுகிறீர்களா இல்லையா என்பதை நீங்களாகவே அவரிடம் சொல்லுங்கள்.