குதிர் நிரம்பிய பிறகு

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஓரிரு இடங்களை மட்டும் சீர் செய்தேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் என் கிளினிக்குக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். வயது நாற்பத்திரண்டு. வைத்தியம் அவருக்கு இல்லை, மனைவிக்கு முழங்கால் வலி, இவர் துணைக்கு வந்தவர். அந்த அம்மா கனத்த உடம்பு, 81 கிலோ. இவர் 168 சென்டிமீட்டர் உயரம், 64 கிலோ. இரண்டு பேரும் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். "இவளுக்குத்தான் சுகர் இருக்கும் டாக்டரம்மா, எனக்கெல்லாம் எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவரும் விரலை நீட்டினார். மனைவிக்கு 96. அவருக்கு 243.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தானே குண்டு, இவருக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் ஒரு கணக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பி.எம்.ஐ. என்கிறோம். இதைக் கொடுத்தவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே. அவர் வைத்தியர் இல்லை. ஒரு நாட்டு மக்களின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்கப் போட்ட கணக்கு அது. 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார். கூட்டத்தை அளக்க அது நல்ல கருவி. தனி ஒருவரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பாதிப் பதில்தான் சொல்லும். நம் கண்டக்டருக்கு அந்த எண் 22.7. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால்தான் கூடுதல் எடை என்று வைத்திருக்கிறோம். ஆக, கணக்குப்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. பார்த்தாலும் இருவரும் ஒல்லிதான். ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., ஒரே மாதிரி ஒல்லி உடம்பு, உள்ளே ஒருவருக்கு மற்றவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு! தெற்காசியர்களான நம்முடைய உடல்வாகை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது. யாஜ்னிக்கின் குழு புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசை. தாயின் வயிற்றில் ஊட்டம் போதாதபோது உடம்பு எதை விட்டுக்கொடுக்கிறது, எதைக் காப்பாற்றுகிறது என்பது அந்தப் பச்சிளம் உடம்பில் தெரிகிறது.

சரி, கொழுப்பு கூடுதலாக இருந்தால் என்ன? இங்கேதான் நாம் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். கொழுப்பு என்றாலே விஷம் போலப் பேசுகிறோம். பிறவியிலேயே உடம்பில் கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாத ஒரு அபூர்வ நோய் உண்டு. அவர்கள் எலும்பும் தசையுமாகத் தெரிவார்கள். அவர்களுக்குத்தான் மிகக் கடுமையான சர்க்கரை நோயும் ஈரலில் கொழுப்பும் வருகின்றன.

ஏன் அப்படி? தோலுக்கடியில் உள்ள கொழுப்பு ஒரு குதிர். நெல் கொட்டி வைக்கிற குதிர். மிஞ்சியதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. சிலர் வீட்டுக் குதிர் பெரியது, எவ்வளவு கொட்டினாலும் கொள்ளும். சிலர் வீட்டில் சின்னக் குதிர். நிரம்பிய பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் எங்கே கொட்டுவார்கள்? கூடத்தில், அடுப்படியில், படுக்கிற இடத்தில். உடம்பிலும் அதுதான் நடக்கிறது. மிஞ்சிய கொழுப்பு ஈரலுக்குள் போகிறது, கணையத்துக்குப் போகிறது, குடலைச் சுற்றிப் படிகிறது. ஈரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல்வதை அது கேட்பதில்லை, தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. கணையத்தில் ஏறினால் இன்சுலின் சுரப்பே தளர்கிறது. தசையும் குறைவாக இருந்தால், வந்த சர்க்கரையை வாங்கிக்கொள்ளவும் இடமில்லை.

நம்மில் நிறையப் பேருக்குக் குதிர் சின்னது. கண்டக்டருக்கு 64 கிலோவிலேயே நிரம்பிவிட்டது. அவர் மனைவிக்கு இடுப்பிலும் தொடையிலும் பெரிய குதிர், 81 கிலோவிலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் படியும் கொழுப்பைவிட வயிற்றில் படியும் கொழுப்பே ஆபத்து என்று பிரான்சின் ழான் வாக் என்ற மருத்துவர் 1947லேயே எழுதியிருக்கிறார். அதற்காக அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் அந்த எடையை ஒவ்வொரு படியிலும் தாங்க வேண்டியிருக்கிறது. குறட்டை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவசரம் அவருக்கு இல்லை, கணவருக்கு.

அப்புறம், எடை ஏன் ஏறுகிறது? "தின்கிறது அதிகம், உழைக்கிறது குறைவு" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு சரிதான். குடம் வழிகிறது, ஏனென்றால் தண்ணீர் அதிகம் வந்தது. சரி, குழாயைத் திறந்துவிட்டது யார் என்று கேட்க வேண்டாமா?

1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம், பிள்ளைகள் இருவரும் ஒருவருக்கொருவர் உறவு. எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. எந்நேரமும் பசி. சோதித்தபோது லெப்டின் என்ற ஹார்மோன் அவர்கள் உடம்பில் உருவாகவே இல்லை என்று தெரிந்தது. 'கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் தகவல் அது. தகவல் வராததால், உடம்பு நிறையக் கொழுப்பு இருந்தும், பட்டினி கிடக்கிறோம் என்றே மூளை நினைத்தது. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது, எடை இறங்கியது. யோசித்துப் பாருங்கள், அதுவரை அந்தக் குழந்தையையும் அதன் தாயையும் ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்!

இந்தக் குறை மிக அபூர்வம். நம் யாருக்கும் அது இருக்காது. ஆனால் பசி என்பது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்று அந்த இரண்டு பிள்ளைகள் உலகத்துக்குக் காட்டினார்கள். டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளை வைத்து 1986இல் வெளியான ஆய்வும் இதைத்தான் சொன்னது. வளர்ந்த பிறகு அவர்கள் உடல்வாகு பெற்றவர்களைப் போல இருந்தது, வளர்த்தவர்களைப் போல இல்லை.

பரம்பரை இருக்கட்டும், தாத்தா காலத்திலும் அதே பரம்பரைதானே? ஆமாம். மாறியது சாப்பாடு. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்தார். இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான சாப்பாடு, இரண்டு வாரம் பாக்கெட்டில் வரும் ஆலைத் தயாரிப்புகள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டுமளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினார்கள், மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். அதே மனிதர்கள், அதே மனஉறுதி.

நம் வீட்டிலும் ஒரு குழாய் திறந்திருக்கிறது. "நாங்க எண்ணெயே அதிகம் சேர்க்க மாட்டோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: மளிகை லிஸ்டில் மாதம் எத்தனை எண்ணெய் பாக்கெட்? நாலு பேர் உள்ள வீட்டில் ஆறு லிட்டர் என்பார்கள். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8,000 கலோரி. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குத் தினமும் 400 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். கீழே கொட்டியதைக் கழித்தாலும் பெரிய அளவுதான். அது போக, தட்டில் சோற்று மலை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. பிறக்கும்போதே தசை குறைந்த உடம்புக்கு நாம் போடும் தட்டில் பருப்பும் முட்டையும் ஓரத்தில் கிடக்கின்றன.

இன்னும் சில காரணங்கள் உண்டு. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம், இரவு ஷிப்ட், தூக்கமின்மை. தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், இருபது கிலோவுக்கு அதன்மேல் பழி போட முடியாது. மனநல மருந்தை எடைக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள்.

ஏறிய எடையை உடம்பு லேசில் விடுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட முக்கியமானது, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரி, எதிர்பார்க்க வேண்டிய அளவைவிடத் தினமும் ஏறக்குறைய 500 குறைவாக இருந்தது. பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு அடுப்பைத் தணித்துவிட்டது. அவர்களைச் சோம்பேறிகள் என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் வரும் ஒரு பெண் பூக்கடை வைத்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது என்று ஒரு மருத்துவமனைக்குப் போனார். தொட்டுப் பார்க்காமலே, "முதல்ல வாயைக் கட்டு, அப்புறம் வா" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்கள். அதன்பின் இரண்டு வருடம் அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. என்னிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 6தான், கடும் ரத்தசோகை. மாதவிலக்கில் பெரும்போக்கால் ரத்தமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. எடையைப் பார்த்தவர்கள் அவர் வெளுத்த கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. வீட்டில், கல்யாணத்தில், கடைவீதியில் ஒருவரைப் பார்த்ததும் "என்ன, வெயிட் போட்டுட்ட?" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். ஒல்லியாக இருப்பவரை "உனக்கென்னப்பா, சுகரே வராது" என்று தட்டிக்கொடுப்பதையும்தான்.

இவ்வளவு சொன்னால், ஒன்றும் செய்ய முடியாதோ என்று தோன்றும். அப்படி இல்லை. சென்னையில் டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தது. வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுமாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான். முள் நகராமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

எடை குறைத்தால் இன்னும் பலன். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற மருத்துவர், பருமன் இல்லாத 20 சர்க்கரை நோயாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடை குறைக்கவைத்தார். 14 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதற்குத் தேவைப்பட்டது உடல் எடையில் 6.5 சதவீதம் போல. நம் கண்டக்டருக்கு அது நான்கு கிலோ. கூடத்தில் கொட்டிய நெல்தான் முதலில் காலியாகிறது. ஆனால் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினியில் இறங்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்துபோகும்.

எடை காட்டவில்லை என்றால் எதை அளப்பது? வயிற்றுச் சுற்றளவை. கண்டக்டர், "என் பேண்ட் சைஸ் 34தான்" என்றார். பேண்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறார், அது தொப்பையை அளக்காது. கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப் வர வேண்டும். பெண்கள் பாவாடை நாடாத் தழும்பை அடையாளமாக எடுக்காதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். கண்டக்டருக்கு 95 இருந்தது.

மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு இன்ச் டேப் வைத்திருக்கிறேன். பெண்களுக்கு உள் அறையில் எங்கள் நர்ஸ் அளப்பார். அளந்த எண்ணைச் சீட்டில் எழுதி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம், யாரும் சத்தமாகப் படிக்கமாட்டார்கள். ஒல்லியாக இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.