ஒரு சிப்பாய் கம்மி

எல்லாருக்கும் வணக்கம். நான் வியாசர்பாடியில சின்னப் பசங்களுக்கு செஸ் சொல்லித் தர்றேன், இன்னிக்கு ஒரே ஒரு கேமைப் பத்தித்தான் பேசப்போறேன், போன ஞாயித்துக்கிழமை தண்டையார்பேட்டையில ஒரு ஸ்கூல் ஹால்ல பாத்தது. பொண்ணுங்க பிரிவு, கடைசி ரவுண்டு. ஒருத்தி எங்க கிளாஸ், 11 வயசு, இன்னொருத்தி திருவொற்றியூர், ஒரு வயசு பெரியவ. ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 செகண்டு கூட சேரும்.

ஓப்பனிங்ல ஒண்ணும் பெருசா இல்ல. நடுவுல எங்க பொண்ணு அவசரப்பட்டு குதிரையைத் தொட்டுட்டா, தொட்டா நகத்தியே ஆகணும், அதுல ஒரு சிப்பாய் போச்சு. அப்புறம் வெட்டி வெட்டி கடைசில ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு ரூக் (அதான் யானை), அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் ஒரு சிப்பாய். எங்க பொண்ணு கடிகாரத்துல 20 செகண்டுதான், எனக்குக் கையெல்லாம் வேர்த்துடுச்சு.

அவ என்ன பண்ணா தெரியுமா, ராஜாவை அந்த சிப்பாய் ராணியாகப்போற கட்டத்துல நிறுத்திட்டு, ரூக்கைத் தன் பக்கத்துலேர்ந்து மூணாவது வரிசையில வெச்சுட்டா. ரூக் அங்க இருக்கிற வரைக்கும் எதிர் ராஜா அந்த வரிசைக்குள்ள கால் வைக்க முடியாது. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அந்தப் பொண்ணு சிப்பாயையே தள்ளுனா, தள்ளுன உடனே இவ ரூக்கை அந்தக் கோடிக்கு எடுத்துட்டுப் போய் பின்னாடியிருந்து செக், செக், செக். சிப்பாய் முன்னால போயிட்டதால ராஜாவுக்கு ஒளிய இடமே இல்ல. பிலிடோர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1700கள்ல எழுதி வெச்ச வழி இது. டிரா, ஆளுக்கு அரை பாயின்ட்.

வெளிய வந்ததும் அவங்கம்மா, "இன்னா கண்ணு, ஜெயிச்சியா?"ன்னாங்க. இவ டிரான்னதும் அவங்க முகம் வாடிப்போச்சு. அக்கா, ஒரு சிப்பாய் கம்மியா வெச்சுக்கிட்டு அரை பாயின்ட் எடுத்திருக்கா, எனக்கு இது ஜெயிச்சதை விடப் பெருசுன்னு சொன்னேன். சென்னைப் பொண்ணு வைஷாலி 2023 டிசம்பர்ல கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய 2500 ரேட்டிங்கைத் தாண்டுனதை எல்லாரும் கொண்டாடுனோம், ஆனா அந்த உயரத்துக்குப் போற எல்லாருமே இந்த மாதிரி எத்தனை அரை பாயின்டைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காப்பாத்தியிருப்பாங்க! பேரன்ட்ஸ் ஓப்பனிங் சொல்லிக் குடுங்க சார்னுதான் கேக்குறாங்க, என்ட்கேமை, அதாவது காயெல்லாம் கொறைஞ்சப்புறம் ஆடுற இந்தக் கடைசி ஆட்டத்தை, யாருமே கேக்குறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பேசிட்டுத் திரும்புனா ரெண்டு பொண்ணுங்களும் படிக்கட்டுல சுருட்டுற போர்டை விரிச்சு அதே பொசிஷனை வெச்சிருக்காங்க. திருவொற்றியூர் பொண்ணு ராஜாவை ஒரு கட்டம் முன்னாடி தள்ளி வெச்சுட்டுக் கேக்குறா: "நான் முதல்லயே இங்க வந்திருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?" எங்க பொண்ணு தாடையில கை வெச்சு யோசிக்கிறா, அவங்கம்மா பஸ் வந்துடுச்சுன்னு கூப்புடுறாங்க, அவ காதுல எதுவும் விழல.