ஊதாரி மகனும் கல்லறைச் சுவரும்

மேடையில் வீற்றிருக்கும் மேதகு ஆயர் அவர்களே, கல்லூரி முதல்வர் தந்தை அவர்களே, என் உரையில் பாதியை எனக்கு முன்னமே பேசி முடித்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாத மாணவ மாணவியரே, வணக்கம். பந்தல் போட்ட இளைஞர் இயக்கத்தாருக்குத் தனி நன்றி.

இடத்துக்கு இடம் விவிலிய வாசிப்பு எப்படி மாறுகிறது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, பசி. இரண்டு, ஒடுக்கப்பட்டோர் கண்ணால் இறைவனைப் பார்க்கும் தலித் இறையியலுக்கு வித்திட்டதாகச் சொல்லப்படும், 1981-இல் பெங்களூருவில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை. மூன்று, பெண்களின் வாசிப்பு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு இந்தப் பழமொழி புளித்திருக்கும், பரவாயில்லை.

மார்க் ஆலன் பவல் என்ற அமெரிக்க விவிலிய அறிஞர், லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் கதையை மாணவர்களைப் படிக்கவைத்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னார். சொத்தைப் பிரித்து வாங்கி அழித்த இளைய மகன் பஞ்சத்தில் பசியால் வாடி வீடு திரும்ப, தந்தை கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார், வயலிலிருந்து வரும் மூத்தவன் கோபப்படுகிறான், அதுதான் கதை. அமெரிக்காவில் 100 பேரில் 6 பேர்தான் கதையில் வரும் பஞ்சத்தைச் சொன்னார்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 50 பேரில் 42 பேர் சொன்னார்கள். அது பழைய லெனின்கிராட். 1941-இல் ஜெர்மானியப் படை வளைத்துக்கொண்டதில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்த ஊர். தான்சானியாவில் பலர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்: பசித்தவனுக்கு அந்த ஊரில் ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லையே! அதுவும் லூக்கா எழுதியதுதான், 16-ஆம் வசனம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஒரு கிராமத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் இதே கதையைச் சொன்னேன். தந்தையின் இரக்கத்தைப் பற்றி நாலு பக்கம் குறிப்பு கையில். பறையடிக்கும் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"வாத்தியாரய்யா, விருந்து நடந்துச்சு, சரி. மேளம் அடிச்சவனுக்கு எலை போட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மூத்தவன் வயக்காட்டுல இருந்து வரும்போதே ஆட்டம் பாட்டுச் சத்தம் கேக்குதுன்னு படிச்சீங்க. வாசலுக்கு வெளியில நின்னு அடிச்சாத்தான் அப்படிக் கேக்கும். அவன் சாப்பிட்டானா?"

அவர் மனைவி குறுக்கே வந்தார். "அட நீ வேற! கொழுத்த கன்னை உரிச்சது யாரு, அதைக் கேளு மொதல்ல."

அப்புறம் எங்கே இரக்கத்தைப் பற்றிப் பேசுவது? குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எத்தனையோ திருவிழாவில் அடித்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கதையை அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் ராத்திரி பத்து மணிவரை போனது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்!

அந்தப் பெரியவர் போன வருடம் இறந்தார். எல்லாரும் கும்பிடும் அதே கோயிலில்தான் அடக்கத் திருப்பலி. புதைத்தது மட்டும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் தன் தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் சுவர் நிற்கிறதே, மேதகு ஆயர் அவர்களே? தாங்கள் மேடையில் இருக்கும்போதே கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும்.

நேரம் முடிந்தது என்று தலைவர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். நிர்மலையும் பெண்களின் வாசிப்பையும் பேராசிரியர் அம்மா பார்த்துக்கொள்வார்கள். பந்தல் வாசலில் பொதுக் கல்லறைக்கான மனு இருக்கிறது. மாலைக்குள் ஆயர் கையில் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.